இதுவா, அதுவா: கான்ஜி எழுத்துகளும் சீட்டு விளையாட்டும்

(பெங்களூருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழி கற்பதைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் விதி. எனக்கு முன் பேசியவர்கள் இலக்கணம், மொழிபெயர்ப்பு என்று பெரிய பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். நான் இந்த ஊரில் மாலை நேர வகுப்புகளில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவன். என்னுடைய பொருள் சின்னது. ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகளான கான்ஜியின் பொருளை விளையாடியே கற்க முடியுமா? முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த விளையாட்டு, அது எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

கான்ஜி என்றதும் முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். பரவாயில்லை. முதல் நாள் வகுப்பில் “குடிக்கிற கஞ்சியா சார்?” என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

இந்த ஊரில் ஜப்பானிய மொழிக்குத் தேவை இருக்கிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. 1997இல் டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம் தொடங்கி, பிடதியில் ஆலை வந்தது. மென்பொருள் நிறுவனங்களுக்கு ஜப்பானிய வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். அங்கிருந்து வரும் ஆவணத்தையும் பேச்சையும் இங்கே வேலை செய்கிறவர்களிடம் கொண்டுசேர்ப்பவருக்கு ‘பிரிட்ஜ் எஞ்சினியர்’ என்று பெயரும் வந்துவிட்டது. 2005இல் ஜப்பான் ஹப்பா என்ற விழா தொடங்கியது. ஹப்பா என்றால் என்ன என்று பெங்களூருத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூலையிலும் டிசம்பரிலும் உலகெங்கும் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்கு நம் ஊரும் ஒரு மையம். 1984இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2010 முதல் என்5இலிருந்து என்1 வரை ஐந்து படிகளாக நடக்கிறது. வேலைக்காகப் படிப்பவர்கள், அனிமே பார்த்துப் பித்துப் பிடித்தவர்கள், இரண்டும் சேர்ந்தவர்கள் என்று மூன்று வகையாகத்தான் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் கொண்டாட்டம். வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. வேற்றுமை உருபு போலச் சிறுசொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. ஹிராகனா, கத்தகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளிலும் அடிப்படை எழுத்துகள் 46தான். வரிசை முறைகூடப் பழகிய முகம்: முதலில் உயிர், பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகளோடு போன சமஸ்கிருத எழுத்து மரபின் செல்வாக்கு அது. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பேராசிரியர் சுசுமு ஓனோ நெடுங்காலம் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு ஒரு மிடுக்கு வருகிறது. அதை நான் கெடுப்பதில்லை.

நான்காவது மாதம் கான்ஜி வந்ததும் கொண்டாட்டம் நின்றுபோகும். 1946இல் ஜப்பான் அரசு பொதுப் பயன்பாட்டுக்கென்று 1,850 எழுத்துகளை வரையறுத்தது. 1981இல் அது 1,945 ஆயிற்று. 2010இல் திருத்திய பட்டியலில் இருப்பவை 2,136. அங்கே தொடக்கப்பள்ளி முடிக்கும் குழந்தைக்கு 1,026 எழுத்து தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கை மிரட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகளை நிறுத்திவைக்கும் கேள்வி வேறு. புது எழுத்து ஒன்றைக் காட்டினால் “இதை எப்படி சார் உச்சரிக்கிறது?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எழுத்தென்றால் ஒலி என்று இரண்டாயிரம் ஆண்டாகப் பழகிய கூட்டம் நாம். மரத்தைக் குறிக்கும் ஒரே எழுத்தை இடத்துக்கு ஏற்ப ‘கி’ என்றும் ‘மொகு’ என்றும் ‘பொகு’ என்றும் படிக்கலாம் என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

ஒலி பிறகு வரட்டும், பொருளை முதலில் பிடித்துக்கொள் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சியில் பேர்போனவர் ஜேம்ஸ் ஹைசிக் என்ற அமெரிக்கர். ஜப்பானுக்குப் போய் மொழி படித்தபோது தனக்கென்று உண்டாக்கிய முறையை 1977இல் நூலாக வெளியிட்டார். எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்டுவது, உறுப்புகளைக் கோத்து ஒரு கதை கட்டுவது. ஒலியைப் பற்றி முதல் நூலில் மூச்சே கிடையாது. கணினி விளையாட்டு செய்தவர்களுக்கு இந்த முறை வசதியாகப் போயிற்று. ‘ஸ்லைம் ஃபாரஸ்ட் அட்வென்சர்’ என்று ஒரு விளையாட்டு உண்டு. அதில் கொழகொழவென்ற ஜந்துகள் எழுத்தோடு எதிரே வரும். சரியான விடையைத் தட்டச்சு செய்தால் ஜந்து விழும், தாமதித்தால் நமக்கு அடி விழும். என் மாணவர்கள் பலர் இதுபோன்றவற்றைச் செல்போனிலும் கணினியிலும் ஆடிவிட்டு வருகிறார்கள். நூறு, இருநூறு எழுத்துக்குப் பொருள் சொல்லவும் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இடத்தைக் காட்டத்தான் இத்தனை முன்னுரையும்.

கையில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த கோடு ஒன்று போடுங்கள். அதன் மேற்பகுதியைக் குறுக்கே வெட்டும் படுக்கைக் கோடு ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து இடமும் வலமுமாகச் சரிந்து இறங்கும் கோடுகள் இரண்டு. மொத்தம் நான்கு கோடு. இதுதான் மரம். இரண்டு மரத்தை அருகருகே நிறுத்தினால் தோப்பு. மேலே ஒன்று, கீழே இரண்டு என்று மூன்றை அடுக்கினால் காடு. மரத்துக்கு இடப்புறம் ஒரு மனிதன் ஒடுங்கி நின்றால் ஓய்வு. மரத்தின் அடியில், நடுக்கோட்டின் மேல், சிறியதாக ஒரு குறுக்குக் கோடு போட்டால் வேர், மூலம். புத்தகம் என்பதும் அதே எழுத்துதான். அந்தப் புத்தகத்தின் பக்கத்தில் மனிதன் வந்து நின்றால் உடல்.

இதுவரை எல்லாம் இனிப்பாக இருக்கும். கான்ஜியைப் பற்றிய சுவையான பேச்சுகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். கேட்பவரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இன்னும் இரண்டு எழுத்தைப் பாருங்கள். அதே மரம்தான். குறுக்குக் கோட்டுக்கு மேலே இன்னொரு குறுக்குக் கோடு. மேல்கோடு நீளமாகவும் கீழ்க்கோடு குட்டையாகவும் இருந்தால் அது நுனி, கடைசி. மேல்கோடு குட்டை, கீழ்க்கோடு நீளம் என்றால் ‘இன்னும் இல்லை’. இரண்டிலும் கோடு ஐந்து. எழுதும் வரிசையும் ஒன்று. வேறுபாடு அரை விரற்கடைகூட இல்லை. மரம், தோப்பு, காடு, ஓய்வு, புத்தகம் ஐந்தையும் ஜப்பானியக் குழந்தை முதல் வகுப்பிலேயே, அந்த ஆண்டுக்குரிய 80 எழுத்துகளுக்குள், படித்துவிடுகிறது. இந்த இரண்டையும் நான்காம் வகுப்பில்தான் கொடுக்கிறார்கள்.

இது பள்ளிக்கூட நுணுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய வாடிக்கையாளர் அனுப்பும் சோதனைப் பட்டியலில் வேலை முடியாத வரிசைக்கு நேரே ‘இன்னும் இல்லை’ எழுத்து ஒற்றையாக நிற்கும். பக்கத்துக் கட்டத்தில் கெடு ‘மாதக் கடைசி’ என்று இருக்கும். அதில் நிலா எழுத்தோடு அந்த நுனி எழுத்து. சின்ன எழுத்தில், மங்கிய திரையில், இரவு ஏழரை மணிக்கு அதைப் பார்த்துத்தான் ஒருவர் முடிவு சொல்ல வேண்டும்.

கான்ஜி கற்பவருக்கு ஞாபகம்தான் பிரச்சினை என்று எல்லோரும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் முதல் முந்நூறு எழுத்தைத் தாண்டியவருக்கு ஞாபகம் பெரிய தொல்லையே இல்லை. குழப்பம்தான் தொல்லை. மறந்துபோன எழுத்தைக் கண்டால் அகராதியைத் திறப்போம். குழம்பிய எழுத்தைக் கண்டால் திறக்கமாட்டோம். தெரியும் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விடுவோம். கீழ்க்கோடு நீண்டால் மண், மேல்கோடு நீண்டால் போர்வீரன் என்று இன்னொரு ஜோடி. நடுக்கோட்டின் தலை வெளியே நீட்டியிருந்தால் மாடு, நீட்டாவிட்டால் நண்பகல். மனிதன் என்ற எழுத்தும் நுழைதல் என்ற எழுத்தும் இரண்டிரண்டு கோடுதான். எந்தக் கோடு எதன் மேல் சாய்கிறது என்பதில் இருக்கிறது சங்கதி. இந்த ஊரில் கன்னடம் படிக்கப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. வ, ம, ய, ப நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பஸ் போர்டில் நின்று எத்தனை பேரை ஏமாற்றியிருக்கின்றன!

இப்போது செல்போன் விளையாட்டுகளையும் பயிற்சிச் செயலிகளையும் பாருங்கள். மனப்பாடத்துக்கு அவை நல்ல அறிவியலைக் கையாள்கின்றன. கற்றது எப்படித் தேய்கிறது என்று எப்பிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதினார். தெரிந்த சீட்டைத் தள்ளித் தள்ளியும் தெரியாத சீட்டை அடிக்கடியும் எடுத்துப் பார்க்கும் பெட்டி முறையை 1972இல் லைட்னர் சொன்னார். அந்த வழியில் 2006இல் வந்த ‘அங்கி’ செயலியை உண்டாக்கியவரும் ஜப்பானியம் படித்துக்கொண்டிருந்தவர்தான். நானும் மாணவர்களுக்கு அதைச் சொல்கிறேன். ஆனால் அதில் ஒரு குறை. திரையில் ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான் வருகிறது. ‘கடைசி’ இன்று காலை வரும், ‘இன்னும் இல்லை’ வியாழக்கிழமை வரும். இரண்டும் ஒரே மேடையில் நிற்பதே இல்லை. மரம் மாதிரி இருக்கிறது, மேலே ஏதோ கோடு இருக்கிறது என்ற அரைகுறை அடையாளமே போதும், செயலி பச்சை விளக்கைக் காட்டிவிடும். இதுவா, அதுவா என்ற நெருக்கடி வரவே வராது. தேர்வு நடத்துகிறவர்களுக்கு இந்தப் பலவீனம் நன்றாகத் தெரியும். கீழ்ப்படித் தேர்வுகளில் சரியான எழுத்தைத் தேர்ந்தெடு என்று நான்கு விடை கொடுக்கும்போது, ஒன்றுக்கொன்று முகச்சாயல் உள்ளவற்றைத் தேடிப்பிடித்துப் போடுவார்கள்.

நெருக்கடியை உண்டாக்கும் பழைய விளையாட்டு ஜப்பானிலேயே இருக்கிறது. அதன் பெயர் கருத்தா. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த சீட்டோடு வந்த பெயர். (இன்று உலகத்துக்கே வீடியோ கேம் விற்கும் நின்டெண்டோவும் 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்துதான் பிழைப்பைத் தொடங்கியது.) கருத்தாவில் சீட்டுகளைப் பாயில் மலர்த்திப் பரப்பிவைப்பார்கள். ஒருவர் படிப்பார். அதற்குரிய சீட்டை முதலில் தொடுபவருக்கு அந்தச் சீட்டு. இந்த ஆட்டத்தைப் பற்றிய ‘சிஹாயாஃபுரு’ அனிமேயைப் பார்த்த இளைஞர்கள் இங்கே இருந்தால் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

போட்டி வடிவம் 1904இல் குரோய்வா ருய்கோ என்ற பத்திரிகையாளரின் முயற்சியால் உருவானது. பட்டப் போட்டி ஆண்டுதோறும் ஜனவரியில் ஒட்சு நகரின் ஓமி கோயிலில் நடக்கிறது. நூறு பேர் பாடிய நூறு பாட்டு கொண்ட பழைய தொகுப்பு ஒன்றுதான் இதற்கு மூலம். ஆளுக்கு 25 சீட்டு, பாயில் மொத்தம் 50. எது எங்கே கிடக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்ள 15 நிமிடம். பிறகு பாட்டைப் படிக்கத் தொடங்குவார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பாட்டு முழுவதையும் கேட்பதில்லை. மற்ற 99 பாட்டிலிருந்தும் இந்தப் பாட்டைப் பிரித்துக்காட்டும் முதல் சில எழுத்து காதில் விழுந்ததும் கை பாய்ந்துவிடும். ஏழு பாட்டுக்கு முதல் எழுத்து ஒன்றே போதும். வேறு சிலவற்றுக்கு ஆறு எழுத்து வரை பொறுக்க வேண்டும். ஆடப்படாத 50 பாட்டையும் நடுநடுவே படிப்பார்கள். பாயில் இல்லாத பாட்டுக்கு எந்தச் சீட்டைத் தொட்டாலும், பாயில் உள்ள பாட்டுக்குத் தவறான பக்கத்துச் சீட்டைத் தொட்டாலும் தண்டம். அவர்கள் மனப்பாடம் செய்துவைத்திருப்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை. பாட்டின் அழகைப் பற்றி அந்த நேரத்தில் அவர்களிடம் கேட்காதீர்கள்.

அது ஒலியைக் கேட்டு ஒலியெழுத்துச் சீட்டைப் பிடிக்கும் ஆட்டம். அதைக் கான்ஜியின் பொருளுக்கு மாற்றி ஆடுவது வகுப்பாசிரியர்களிடையே பழைய வழக்கம். என் கண்டுபிடிப்பு இல்லை. நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில்: எந்தச் சீட்டுகளைச் சேர்த்துப் பரப்புவது என்பதில். மரம், மீன், மழை, கண் என்று கண்டதையும் கலந்து பரப்பினால் குழந்தைகளுக்குப் பொழுது போகும், அவ்வளவுதான். நான் மரத்தின் குடும்பம் எட்டையும் ஒரே பாயில் போடுவேன். விசிட்டிங் கார்டு அளவுக்கு அட்டையை வெட்டி, கறுப்பு மார்க்கரில் எழுதிய எழுத்து. அச்சு எழுத்தைவிடக் கையெழுத்து நல்லது. கோட்டின் நீளம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், கண் அதற்கும் பழக வேண்டும். எதிரெதிரே இரண்டு அணி. நான் பொருளைத் தமிழில் சொல்வேன். கன்னடப் பிள்ளைகள் இருந்தால் கன்னடத்திலும்.

“காடு” என்றால் சிரிப்பும் சத்தமுமாகக் கை விழும். “ஓய்வு” என்றால் ஒருவர் ‘உடல்’ மேல் அறைந்துவிட்டு முழிப்பார். “இன்னும் இல்லை” என்று சொல்லிவிட்டு நான் கைகளைத்தான் பார்ப்பேன். பாய்ந்து வந்த நாலு கையும் இரண்டு சீட்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். அந்த அரை நொடியில்தான் அவர்கள் அந்த எழுத்தை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். தவறாகத் தொட்டவர் அடுத்த சுற்றில் கைகட்டி உட்கார வேண்டும். உட்காருமுன் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து வந்துபோகும் ஒரு பையன் இப்படி ஒருமுறை சொன்னான்: “மேல குட்டையா இருந்தா மரம் இன்னும் வளரல சார். நீட்டா இருந்தா வளந்து முடிஞ்சிடுச்சு.” எழுத்தின் வரலாற்றைக் கேட்டால் அறிஞர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் ஒருவரும் அந்த இரண்டில் தடுமாறவில்லை. ஹைசிக் புத்தகத்தின் ஆங்கிலக் கதைகளை உருப்போட்டவர்களைவிட, சண்டை போட்டுத் தாங்களே கதை கட்டியவர்களிடம் அது நிலைக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த விளையாட்டு எங்கே கைவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயில் என்று ஓர் எழுத்து உண்டு, பௌத்த விகாரம். அதன் இடப்புறம் சூரியன் சேர்ந்தால் நேரம். கை சேர்ந்தால் பிடித்தல். மனிதன் சேர்ந்தால் சாமுராய். மாடு சேர்ந்தால் சிறப்பு. பேச்சு சேர்ந்தால் கவிதை. தெருவில் நடப்பதைக் குறிக்கும் உறுப்பு சேர்ந்தால் காத்திருத்தல். கதை கட்ட ஆரம்பித்தால் பிரமாதமாக வரும்: கோயில் மேல் வெயில் ஏறினால் நேரம் தெரியும், கோயில் வாசலில் நின்றால் காத்திருக்க வேண்டும். எல்லாம் பொய். அந்தக் கோயில் பொருளுக்காக அங்கே வரவில்லை, ஒலிக்காக வந்தது. ஏறத்தாழ பொ.ஆ. 100இல் சீன எழுத்துகளை வகைப்படுத்திய சூ ஷென் இதை ஒரு தனி வகையாகவே சொன்னார்: ஒரு பாதி பொருள், மறு பாதி ஒலி. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மரமும் காடும் கூட்டத்தில் சிறுபான்மை. பொருள் விளையாட்டு மட்டும் ஆடியவருக்கு இந்தத் திறவுகோல் கைக்கு வராது.

அதனால் கோயில் குடும்பத்தைப் பரப்பும் நாளில் இரண்டு ஆட்டம் வைக்கிறேன். முதல் ஆட்டத்தில் பொருளைச் சொல்வேன். இரண்டாவதில் “ஜி” என்று மட்டும் சொல்வேன். அந்த ஒலி உள்ள சீட்டை எல்லாம் பொறுக்க வேண்டும். கோயில், நேரம், பிடித்தல், சாமுராய் நான்கும் வரும். கவிதை ‘ஷி’ என்று அருகில் நிற்கும். காத்திருத்தல் ‘தாய்’ என்றும் சிறப்பு ‘தொகு’ என்றும் விலகிப் போயிருக்கும். நெடுங்காலப் பயணத்தில் அவ்வளவு விலகல் இருக்கும். எப்படி உச்சரிக்கிறது என்று முதல் நாள் கேட்டு வாயடைக்கப்பட்டவர்களுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு தனி மகிழ்ச்சி.

இன்னொன்று. எழுத்தின் பொருளைக் கூட்டினால் சொல்லின் பொருள் வந்துவிடாது. கை என்ற எழுத்தும் தாள் என்ற எழுத்தும் சேர்ந்தால் கடிதம், சரி, ஊகிக்கலாம். பெரிய, நீளம், ஆண் என்று மூன்று எழுத்து சேர்ந்தால் ‘தாய்ஜோபு’. ஒன்றும் கவலையில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். இதைச் சீட்டாட்டத்தில் கற்க முடியாது. ஆயிரம் தடவை காதில் விழ வேண்டும். ஐந்நூறு எழுத்து ஆனதும் சீட்டுக்கட்டை மூட்டை கட்டிவிட்டு வாசிக்கப் போகச் சொல்கிறேன். என்எச்கே நிறுவனம் எளிய ஜப்பானியத்தில் செய்தி வெளியிடுகிறது. எழுத்துக்கு மேல் ஒலி சின்னதாக அச்சிட்டிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும். குழப்பம் மறுபடி தலைகாட்டினால் அந்த இரண்டு எழுத்தை மட்டும் அட்டையில் எழுதி, வீட்டில் யாரையாவது பிடித்து ஆடிக்கொள்ளலாம். அவர்களுக்கு ஜப்பானியம் தெரிய வேண்டியதில்லை. தமிழ்ச் சொல்லைப் படித்தால் போதும்.

பின்வரிசை மேசையில் மரக் குடும்பத்துக்கும் கோயில் குடும்பத்துக்கும் சில கட்டுகள் வெட்டி வைத்திருக்கிறேன். தேநீர் நேரத்தில் இரண்டு பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வயது வரம்பு கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லைப் படிக்கலாம். மோதிரம் போட்டிருப்பவர்கள் மட்டும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். கை மேல் கை விழும்.